வேலையும் வலைப்பதிவும்: சமூக ஊடகங்களைப் பற்றித் தமிழில் எழுத ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கில் பகலில் வேலை, இரவில் வலைப்பதிவு என்று இருப்பதால் என்னிடம் பலரும் கேட்பது, "உங்களுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது?" என்பதுதான். நேரம் எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தை எதில் போடுவது என்று முடிவு செய்யாமல் ஆரம்பிப்பதால்தான் நிறைய பேர் இரண்டு மூன்று மாதத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். சமூக ஊடகங்களைப் பற்றி எழுதுவது என்றால் இன்று என்ன புது வசதி வந்தது, நாளை என்ன வரப்போகிறது என்று செய்தியைத் துரத்துவது என நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஓட்டத்தில், இதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறவர்களோடு மாதச் சம்பளக்காரர் ஓட முடியாது, ஓடவும் வேண்டாம். நம் குடும்பத்தில், வேலையிடத்தில், கோயிலில் இருப்பவர்கள் கைப்பேசியை வைத்துக்கொண்டு எங்கே தடுமாறுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும், அது முழுநேரமாக எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. அந்தத் தடுமாற்றத்துக்கு, சரிபார்த்த பதிலைத் தேதி போட்டு நல்ல தமிழில் எழுதி வைப்பதுதான் இந்த வேலை என்று எடுத்துக்கொண்டால் நேரப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதியைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

எதை எழுதுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வலைப்பதிவுக்குப் பெயர் தேடுவதற்கு முன்னால் உங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களைத் திறந்து பின்னோக்கிப் படியுங்கள். குடும்பக் குழு, கோயில் குழு, பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, எல்லாம்தான். யாராவது எதையாவது பற்றிச் சந்தேகம் கேட்டிருந்தால் அதை அவர்கள் கேட்ட விதத்திலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "தம்பி, இந்த லிங்க்கை அமுக்கலாமா?" "என் படத்தைப் போட்டு இன்னொரு பேஸ்புக் ஓடுதாம், எல்லாருகிட்டயும் காசு கேக்குதாம், என்ன பண்றது?" "மவன் டிக்டாக் லைவ்ல யாரோட பேசுறான்னு எப்படிப் பாக்குறது?" ஒரு மாலை உட்கார்ந்து படித்தால் ஆறு மாதத்துக்கு எழுத வேண்டியது கிடைத்துவிடும், அதுவும் ஒருவர் உண்மையிலேயே கேட்ட கேள்விகளாக.

அப்புறம் அந்தக் கேள்விகளை இரண்டாகப் பிரியுங்கள். சீக்கிரம் பழசாகிற விஷயம் ஒரு பக்கம், மெதுவாக மாறுகிற விஷயம் இன்னொரு பக்கம். டுவிட்டர் 2023 ஜூலையில் எக்ஸ் ஆனது, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது, பட்டன்கள் மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறுகின்றன. ஆனால் "தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பிவிட்டேன், கொஞ்சம் சொல்லுங்கள் அக்கா" என்று தெரிந்தவர் பெயரில் வந்து புலனக் கணக்கையே பறித்துக்கொள்கிற தந்திரம் வருடக்கணக்காக அப்படியே ஓடுகிறது. கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லி ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவுகிற கோப்பு) அனுப்பி, அதைத் திறந்தவரின் கைப்பேசிக்குள் புகுந்து குறுஞ்செய்திகளைப் படிக்கிற ஏமாற்று வேலையும் அப்படித்தான், படம் மாறும், பேர் மாறும், முறை மாறாது. வேலைக்குப் போகிறவர் இந்த இரண்டாவது வகையைத்தான் எழுத வேண்டும். நீங்கள் மூன்று வாரம் பிந்தி எழுதினாலும் அது பயன்படும்.

எல்லாத் தளங்களையும் எழுத நினைக்காதீர்கள். முதியவர்களின் கைப்பேசிப் பாதுகாப்பு, பதின்ம வயதுப் பிள்ளைகளும் அவர்கள் பார்க்கிற காணொளிகளும், வீட்டிலிருந்தே பலகாரமும் புடவையும் விற்கிறவர்கள் இன்ஸ்டாகிராமையும் டிக்டாக்கையும் பயன்படுத்துவது, இப்படி ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு முதல் வருடம் அதற்குள்ளேயே இருங்கள். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று என்று இரண்டு வலைப்பதிவு நடத்த ஆசைப்படுகிறவர்களும் உண்டு, நல்ல ஆசைதான். ஆனால் முதலாவது ஒரு முழு வருடம், தீபாவளி, ஆண்டு இறுதிக் கணக்கு முடிப்பு, பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் தாண்டி நின்ற பிறகு இரண்டாவதைத் தொடங்குங்கள்.

வேலை நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள்

இதைச் செய்யாமல் முதல் பதிவைப் போடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட கடிதத்திலும் ஊழியர் கையேட்டிலும் மூன்று இடங்களைத் தேடுங்கள்: வெளிவேலை பற்றிய விதி, ரகசியம் காப்பது பற்றிய விதி, சமூக ஊடகம் பற்றிய விதி. சில நிறுவனங்கள் சம்பளம் வருகிற வெளிவேலையை மட்டும் தடுக்கும், சில எந்த வெளிவேலைக்கும் எழுத்தில் அனுமதி கேட்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பல ஆலைகளில் உற்பத்திப் பகுதிக்குள் படம் எடுக்கவே கூடாது, சில இடங்களில் வாசலிலேயே கைப்பேசிக் கேமராவில் ஒட்டு ஒட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மேசை மேல் கைப்பேசியை வைத்து எடுத்த சாதாரணப் படத்தின் ஓரத்தில் ஒரு சீருடையோ ஒரு திரையோ தெரிந்தாலும் சிக்கல் உங்களுக்குத்தான். வேலையிடத்துப் படம் ஒன்றுகூட வலைப்பதிவில் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு ஊழியர்களுக்கு விதி இன்னும் தெளிவானது. 1993-ஆம் ஆண்டின் பொதுச்சேவை ஊழியர் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகளின்படி வெளிவேலை செய்யத் துறைத்தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், பொதுவில் கருத்து வெளியிடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. நம் நாட்டில் தமிழில் எழுதுகிறவர்களில் ஆசிரியர்கள் நிறைய பேர் இருப்பதால் இதைச் சொல்கிறேன். அனுமதி கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கேட்பது கஷ்டமான காரியம் இல்லை. மனிதவளப் பிரிவுக்கு நாலு வரி மின்னஞ்சல் போதும்: சொந்த நேரத்தில், சொந்தக் கணினியில், நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத தலைப்பில், சம்பாத்தியம் இல்லாமல் எழுதப் போகிறேன், இதற்கு ஏதும் தடை உண்டா. பதிலை அச்செடுத்து வையுங்கள். 'சொந்தக் கணினி' என்பதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேலையின் பகுதியாக உருவாக்கிய படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். கம்பெனி மடிக்கணினியில், வேலை நேரத்தில், கம்பெனி இணையத்தில் எழுதிவிட்டு இது என்னுடையது என்று வாதாட வேண்டிய நிலைமையை நாமே ஏன் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்? மதிய உணவு இடைவேளையில் எழுதினாலும் உங்கள் கைப்பேசியில், உங்கள் டேட்டாவில் எழுதுங்கள்.

புனைபெயர் வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம், எழுத்தில் அது நமக்குப் புதிதில்லை. ஆனால் புனைபெயர் சட்டத்திலிருந்து காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் எழுத்து உங்கள் கையில் இருக்கட்டும்

முகநூலிலேயே எழுதினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் பிரெண்ட்ஸ்டர் கதையைத்தான் சொல்வேன், ஏனென்றால் அது நம் ஊர்க் கதை. 2002-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தச் சமூக வலைத்தளத்தில் நம் நாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். 2009-இல் மலேசிய நிறுவனமான எம்ஓஎல் அதை வாங்கியது. 2011-இல் அது விளையாட்டுத் தளமாக உருமாறியபோது பயனர்களின் பழைய படங்களும் பதிவுகளும் செய்திகளும் அழிக்கப்பட்டன. ஒரு தளத்தின் சொந்தக்காரர் கோலாலம்பூரிலேயே இருந்தாலும் நம் எழுத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது. அதனால் எழுதுவது சொந்தத் தளத்தில், பகிர்வது மற்ற எல்லா இடத்திலும்.

வலைப்பதிவு நடத்த இரண்டு தளங்களைச் சொல்லலாம். கூகுளின் பிளாக்கர் இலவசம், பராமரிப்பு வேலை அனேகமாகக் கிடையாது, வேலைக்குப் போகிறவருக்கு அது போதும். வேர்ட்பிரஸ்ஸில் வசதி அதிகம், ஆனால் சொந்த சர்வரில் வைத்தால் செருகுநிரல்களை (பிளகின்) புதுப்பிக்கிற வேலை வாராவாரம் வரும், அந்த நேரத்தை எழுதுவதிலிருந்துதான் எடுப்பீர்கள். எதை எடுத்தாலும் சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) ஒன்று வாங்கி அதில் இணைத்துவிடுங்கள், நாளை தளத்தை மாற்றினாலும் முகவரி மாறாது. டொமைன் உங்கள் பெயரிலும் உங்கள் சொந்த மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும், வேலையிட மின்னஞ்சலில் கூடவே கூடாது. வேலை மாறினால் அந்த மின்னஞ்சல் போய்விடும், அதோடு டொமைனும் போய்விடும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கிற இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை முழு வலைப்பதிவையும் ஏற்றுமதி செய்து ஒரு காப்புப் பிரதி எடுத்து வையுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களை மட்டும் படுத்துகிற ஒரு சங்கதி இருக்கிறது, அதை இங்கேயே தீர்த்துவிடலாம். தலைப்பைத் தமிழில் போட்டால் வேர்ட்பிரஸ் அதையே இணைப்பு முகவரியாகவும் எடுத்துக்கொள்ளும். இணையத்தில் பயன்படுகிற யூனிகோட் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், முகவரியில் அது சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக நீளும். வேர்ட்பிரஸ் அந்தப் பகுதியை 200 எழுத்தோடு வெட்டிவிடுவதால் ஏறக்குறைய இருபத்திரண்டு குறிக்கு மேல் உங்கள் தலைப்பு அதில் இருக்காது. பிளாக்கரோ தமிழ்த் தலைப்பை விட்டுவிட்டு பொதுவான ஒரு பெயரையும் எண்ணையும் போட்டுவிடும். இந்த நீண்ட, குறிகளால் நிரம்பிய முகவரியைப் புலனத்தில் ஒட்டினால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? இப்படி இருக்கிற இணைப்பை அமுக்காதீர்கள் என்று நாமே எழுதிக்கொண்டு, நம் இணைப்பே அப்படி இருந்தால் எப்படி? வெளியிடுவதற்கு முன்னால் முகவரிப் பகுதியில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சிறிய சொற்களை நீங்களே கையால் போடுங்கள். இரண்டு தளத்திலும் அதற்கு இடம் இருக்கிறது.

தட்டச்சு உங்களுக்குச் சிரமமாக இருந்தால் முரசு அஞ்சல், செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலிகள் இருக்கின்றன, நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியவைதான், கணினிக்கு அது, கைப்பேசிக்கு இது. கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் தமிழில் பேசியே எழுதலாம், முதல் குறிப்புக்கு அது நன்றாக உதவும், பிழை திருத்தாமல் அப்படியே வெளியிட முடியாது.

வாரத்தைப் பிரித்துக்கொள்வது

2023 ஜனவரியிலிருந்து சட்டப்படி வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது என்றாலும், ஓவர்டைம், பாலத்து நெரிசல் எல்லாம் சேர்த்தால் ஆள் வீடு வந்து சேரும்போது மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். பிறையிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் தீவுக்கு வந்துபோகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் ஒரே நாளில் உட்கார்ந்து முழுப் பதிவையும் எழுதி முடிக்கத் திட்டம் போடாதீர்கள், அது எந்த வாரமும் நடக்காது.

வேலையை நாலாக உடையுங்கள். பஸ்ஸில் போகும்போது கேள்வியை ஒட்டிப் படிப்பது, குறிப்பெடுப்பது, பேசிப் பதிவது. வார நாளில் ஒரு இரவு, முக்கால் மணி நேரம், கைப்பேசியில் செய்து பார்த்துத் திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) சேகரிப்பது. வாரக் கடைசியில் வீடு இன்னும் எழுந்திருக்காத காலை நேரத்தில் எழுதுவது. மறுநாள் ஒருமுறை சத்தம் போட்டுப் படித்துத் திருத்தி வெளியிடுவது. இப்படிச் செய்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு பதிவு வரும், தாராளமாகப் போதும். ஷிப்ட் வேலை செய்கிறவர்கள் கிழமையைப் பார்க்காமல் ஷிப்டைப் பார்த்துத் திட்டமிடுங்கள், இரவு ஷிப்ட் முடிந்து வந்த காலையில் எதையும் வெளியிடாதீர்கள், தூக்கக் கலக்கத்தில் மறைக்க வேண்டிய ஒரு தொலைபேசி எண் கண்ணில் படாமல் போய்விடும்.

எப்போதும் இரண்டு பதிவு முடித்துக் கையில் வைத்திருங்கள். வேலையில் தணிக்கை வரும், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகும், அந்த வாரம் அவை உதவும். எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணை மாதம் ஒருமுறை பாருங்கள், தினமும் பார்த்தால் எழுதுகிற நேரம் அதிலேயே போய்விடும்.

ஒரு பதிவை உருவாக்குவது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சோதனைக்கென்று ஒரு பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியும், உங்கள் பெயரில் பதிந்த ஒரு மலிவான ப்ரீபெய்ட் எண்ணும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் குடும்பத்தார் எண்ணோ படமோ எதுவும் இருக்கக் கூடாது. பதிவுக்கான திரைப்பிடிப்புகளை எல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். உங்கள் சொந்தக் கைப்பேசியில் எடுத்தால் மேலே வரும் அறிவிப்பில் மேலாளரின் செய்தி தெரியும், பக்கத்தில் பெரியம்மாவின் முகப்படம் தெரியும், எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருப்பதே ஒரு வேலையாகிவிடும்.

யாராவது அனுப்பிய ஏமாற்றுச் செய்தியை அப்படியே காட்டத்தான் வேண்டும் என்றால் பெயர், எண், முகப்படம், வங்கிக் கணக்கு எண் நாலையும் முழுக் கறுப்புக் கட்டத்தால் மூடுங்கள். கைப்பேசியின் ஹைலைட்டர் பேனாவால் கறுப்புக் கோடு இழுப்பது மறைப்பாகாது. அந்த மை பாதி ஊடுருவித் தெரியக்கூடியது, படத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் அடியில் இருப்பதைப் படித்துவிடலாம். வெட்டிவிட்டால் போதும் என்றும் இருக்காதீர்கள். 2023 மார்ச்சில் ஒரு குறைபாடு வெளியே வந்தது: கூகுளின் பிக்சல் கைப்பேசிகளில் வெட்டிச் சேமித்த திரைப்பிடிப்புகளிலிருந்து வெட்டிய பகுதியை மீட்டெடுக்க முடிந்தது. இப்போது அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் சொல்கிறேன்: கட்டம் போட்டு மூடிய படத்தைத் திரையில் திறந்து அதை மறுபடி ஒரு திரைப்பிடிப்பு எடுங்கள், அந்த இரண்டாவது படத்தை மட்டும் பதிவில் ஏற்றுங்கள். அடியில் எதுவும் மிச்சம் இருக்காது.

படிகளை எழுதும்போது திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே முதலில் எழுதுங்கள். நம் ஊரில் பெரும்பாலானவர்களின் கைப்பேசி ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கிறது, நீங்கள் அழகான தமிழில் 'அமைவுகள்' என்று எழுதினால் அவர்கள் அதைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஒரு படிக்கு ஒரு வேலை மட்டும். புலனத்தில் இருபடிச் சரிபார்ப்புப் போடுவதை எடுத்துக்கொண்டால்: செட்டிங்ஸைத் திறக்கவும். அக்கவுண்ட்டை அமுக்கவும். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்பதை அமுக்கவும். டர்ன் ஆன் (அல்லது செட் அப் பின்) என்பதை அமுக்கவும். ஆறு இலக்க எண் கேட்கும், பிறந்த தேதியை வைக்க வேண்டாம். மீட்பு மின்னஞ்சல் கேட்கும், அதைத் தவிர்க்காமல் கொடுக்கவும், எண் மறந்துபோனால் அதுதான் சுலபமான வழி. இப்படி ஒவ்வொரு படியிலும் "ஏன்" என்பதை ஒரு வரியில் சேர்த்துவிட்டால் பட்டன் இடம் மாறினாலும் படிக்கிறவர் தானே கண்டுபிடித்துக்கொள்வார்.

எழுதி முடித்ததும் வீட்டில் இருக்கிற, கைப்பேசி அவ்வளவு பழக்கமில்லாத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அந்த வரியைத் திருத்துங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டுப் படிகளை வாங்கிப் போடுகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். அது இல்லாத மெனுவை இருப்பதுபோல் சொல்லிவிடும், படிக்கிற முதியவர் தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார். கையில் செய்து பார்க்காத ஒரு படியும் பதிவில் இருக்கக் கூடாது.

பதிவின் தலையில் எழுதிய தேதி, கடைசியாகச் சரிபார்த்த தேதி, எந்தக் கைப்பேசியில் பார்த்தது, மூன்றையும் போடுங்கள். அதிகம் படிக்கப்படுகிற பதிவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி செய்து பாருங்கள். புதிதாக ஒன்று எழுதுவதைவிட அது பலருக்கு உதவும்.

பண ஏமாற்று பற்றிய பதிவு என்றால் முதல் பத்தியிலேயே 997 என்ற எண்ணைப் போட்டுவிடுங்கள். 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. பணம் போன உடனே அழைத்தால்தான் அது கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்பு உண்டு, உங்கள் கட்டுரையை முழுக்கப் படித்து முடிக்க அவருக்கு நேரம் இல்லை. பணம் அனுப்புவதற்கு முன்னால் வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்க்கக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளம் இருக்கிறது, பரவுகிற தகவல் உண்மையா என்று பார்க்க 2017-இல் தொடங்கிய 'செபெனார்ஞா' தளம் இருக்கிறது. இரண்டும் மலாயில் இருக்கின்றன. அவற்றைத் தமிழில் விளக்கி எழுதுகிறவர்கள் குறைவு, உங்கள் இடம் அங்கே காலியாக இருக்கிறது.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்

அடுத்தவரை நோகடிக்கவோ மிரட்டவோ ஆபாசமான, பொய்யான உள்ளடக்கத்தை வெளியிடுவதைத் தடுக்கிற 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு இணையத்தில் எழுதுகிற எல்லாருக்கும் பொருந்தும். 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கான அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாகவும், சிறை ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடமாகவும் உயர்ந்தது. பயந்து எழுதாமல் இருக்க இதைச் சொல்லவில்லை. ஏமாற்றுக்காரன் இவன்தான் என்று ஒருவர் படத்தைப் போட்டு எழுதும் பழக்கம் நம் முகநூல் பக்கங்களில் சாதாரணமாகிவிட்டது, அதை வலைப்பதிவுக்குக் கொண்டுவராதீர்கள். அந்தக் கணக்கின் சொந்தக்காரரே தன் அடையாள அட்டையை யாரிடமோ கொடுத்து ஏமாந்தவராக இருக்கலாம். முறையை அம்பலப்படுத்துங்கள், ஆளைக் காவல்துறையிடம் விடுங்கள். இனம், சமயம், அரச பரம்பரை தொட்டு வைரலாகிற சர்ச்சைகளைப் பற்றி எழுதிக் கூட்டம் சேர்க்கவும் வேண்டாம்.

புனைபெயருக்கு வருகிறேன். ஆதாரச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 114ஏ பிரிவின்படி, ஒரு பதிவில் யாருடைய பெயரோ படமோ புனைபெயரோ உரிமையாளராக, நிர்வாகியாகத் தெரிகிறதோ அவரே வெளியிட்டவர் என்று எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. வாசகர் கருத்துகளும் இதில் வரும். 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி என்ற இணையச் செய்தித் தளத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. அலுவலகமும் ஆசிரியர் குழுவும் உள்ள ஒரு நிறுவனத்துக்கே அப்படி என்றால், ஷிப்டில் இருக்கிறபோது பத்து மணி நேரம் கைப்பேசியைத் தொடவே முடியாத நாம் கருத்துப் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் போக முடியுமா? நீங்கள் படித்து அனுமதித்த பிறகே கருத்து வெளியாகும்படி அமைத்துவிடுங்கள். அதற்கும் நேரமில்லாவிட்டால் மூடிவிட்டு மின்னஞ்சல் முகவரி மட்டும் கொடுங்கள், அதற்கென்று தனியாக ஒன்று.

ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது

புலனக் குழுவில் வெறும் இணைப்பை மட்டும் போட்டால் யாரும் திறக்க மாட்டார்கள், திறக்கவும் கூடாது. மூன்று நாலு வரியில் பதிலையே எழுதிவிட்டு, "முழு விவரம் படங்களோடு இங்கே" என்று அடியில் இணைப்பைக் கொடுங்கள். இணைப்பைத் திறக்காதவருக்கும் அந்த நாலு வரி போய்ச் சேரும், அதுதானே நமக்கு வேண்டும். அடிக்கடி அனுப்பப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் புலனம் கட்டுப்பாடு போட்டதிலிருந்து, ஒரே செய்தி ஊரெல்லாம் சுற்றும் என்ற கணக்கும் பழையபடி இல்லை. அந்தந்தக் குழுவுக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றி நீங்களே எழுதிப் போடுவது நல்லது. பள்ளிப் பெற்றோர் குழுவிலும் கோயில் குழுவிலும் முதலில் நிர்வாகியிடம் கேளுங்கள், "அண்ணே, இதைப் போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அடுத்தமுறை அவரே உங்களைத் தேடி வருவார்.

கூகுளில் தேடுகிறவர்கள் நிறைய பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தேடுகிறார்கள், நடுவில் இரண்டு மலாய்ச் சொல்லும் இருக்கும். பதிவின் சுருக்கக் குறிப்பில் அந்த மாதிரி எழுத்தில் கேள்வியை ஒருமுறை போட்டு வையுங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் இணைத்துவிட்டால் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று தெரியும், உங்கள் அடுத்த தலைப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

பணம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்காக ஆரம்பிக்க வேண்டாம். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018-இலிருந்து தமிழ்ப் பக்கங்களை ஏற்கிறது, கணக்கில் 100 அமெரிக்க டாலர் சேர்ந்த பிறகே பணம் அனுப்பும், தமிழ் வலைப்பதிவில் அது சேர ரொம்ப நாள் எடுக்கும். வருமானம் வரத் தொடங்கினால் வேலையிடத்தில் மறுபடி அனுமதி கேளுங்கள், முதலில் 'சம்பாத்தியம் இல்லாமல்' என்றுதானே எழுதியிருந்தீர்கள். தொழிலாகச் செய்வதென்றால் மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் தனியுடைமையாகப் பதியுங்கள், சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60. வரிக் கணக்கில் சம்பளம் மட்டும் இருப்பவர்களின் பிஇ பாரத்துக்குப் பதிலாக பி பாரம் வரும், அதன் கடைசித் தேதி ஜூன் 30. யாராவது பொருளோ பணமோ கொடுத்து எழுதச் சொன்னால் பதிவின் முதல் வரியிலேயே அதைச் சொல்லுங்கள். சூதாட்டச் செயலி, உடனடிக் கடன், 'வீட்டிலிருந்தே லைக் போட்டுச் சம்பாதிக்கலாம்' வகை விளம்பரங்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் இடம் தராதீர்கள், உங்களைப் படிக்க வருகிறவரே அதில் மாட்டப்போகிறவர்.

உதவி கேட்டு வருகிறவர்கள்

கொஞ்ச நாளில் முன்பின் தெரியாதவர்கள் எழுதத் தொடங்குவார்கள். கணக்கு பறிபோய்விட்டது, மகளின் படத்தை யாரோ போட்டு மிரட்டுகிறார்கள், சேமிப்புப் பணம் போய்விட்டது, என்ன செய்வது என்று. இரவு பதினொரு மணிக்கு வரும், அழுதுகொண்டே குரல்பதிவு அனுப்புவார்கள். மனசு கேட்காமல் "கடவுச்சொல்லைக் கொடுங்கள், நான் பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யாருடைய கடவுச்சொல்லும், குறியீட்டு எண்ணும், அடையாள அட்டைப் படமும் உங்கள் கைக்கு வரக் கூடாது, அனுப்பினால் உடனே அழித்துவிட்டு அழித்ததையும் சொல்லுங்கள். மீட்டுத் தருகிறேன் என்று காசு கேட்கிறவர்கள் அடுத்த ஏமாற்றுக்காரர்கள் என்பதையும் அப்போதே எச்சரியுங்கள். பிள்ளை சம்பந்தப்பட்ட மிரட்டல் என்றால் மிரட்டுகிறவனுக்குப் பதில் எழுதவும் பணம் கொடுக்கவும் வேண்டாம், செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு அன்றைக்கே காவல்நிலையத்தில் புகார் செய்யச் சொல்லுங்கள், பிள்ளையைத் திட்ட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேலை நேரத்தில் இதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுத முடியாது. அதனால் ஒரு பதிலை முன்கூட்டியே எழுதிக் கைப்பேசிக் குறிப்பில் வைத்து, தேவைப்படும்போது ஒட்டி அனுப்புங்கள். நான் வைத்திருப்பது இது, விருப்பமிருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "வணக்கம். உங்கள் செய்தியைப் படித்தேன். நான் வேலையில் இருக்கிறேன், இரவு எட்டு மணிக்கு மேல்தான் விரிவாக எழுத முடியும், அதுவரை காத்திருக்காதீர்கள். பணம் போயிருந்தால் இப்போதே 997-ஐயும் உங்கள் வங்கியையும் அழையுங்கள். கணக்கு பறிபோயிருந்தால் வேறு எண்ணிலிருந்து உறவினர்கள் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள், உங்கள் பெயரில் யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று. கடவுச்சொல், குறியீட்டு எண் எதையும் என்னிடம் உட்பட யாரிடமும் சொல்ல வேண்டாம்."

இதை அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு மறக்காமல் பதில் எழுதுங்கள்.